மண்டபம் கேம்பில் மீனுக்கும் ஒரு தனித் தொட்டி!

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில், பாம்பன் பாலத்துக்கு முன்னால் வரும் ஊர் மண்டபம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நடுவில் ஒடுங்கிய நிலம். இங்குள்ள ரயில் நிலையம் ஒன்றின் பெயர் 'மண்டபம் கேம்ப்'. ஆங்கிலேயர் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களைத் தங்கவைத்த முகாம் இருந்த இடம் இது. காலரா, பிளேக், அம்மை பரவாமலிருக்க, சில நாட்கள் இங்கே நிறுத்திவைத்து, பரிசோதித்த பிறகே கடல் தாண்ட விட்டார்கள்.

1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு இருந்ததும் இந்த மண்டபம் கேம்பில்தான். 1971-ல் தலைமையகம் கொச்சிக்கு மாறினாலும், இங்குள்ள மையம் தொடர்ந்து இயங்குகிறது. 'நிமோ' என்று பிள்ளைகள் சொல்லும் கோமாளி மீன்களின் குஞ்சுகள் இங்கே பொரிக்கப்படுகின்றன. அவற்றை வாங்கி வளர்த்து விற்கும் மகளிர் குழுக்களும் இந்தக் கரையில் உண்டு. இந்தத் தொழிலில் போட்ட பணத்தை ஒரே வாரத்தில் அழிக்கக்கூடியது நோய்.

புள்ளி மறைந்தாலும் நோய் போகாது!

சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றே பட்டியில் சேர்க்க மாட்டோம். மீனுக்கு இது இன்னும் முக்கியம். ஏனெனில், தொட்டியில் எல்லா மீன்களுக்கும் ஒரே தண்ணீர்.

கடல் மீன்களைத் தாக்கும் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணம், 'கிரிப்டோகேரியான்' என்ற ஒட்டுண்ணி. மீனின் தோலிலும் செவுளிலும் சில நாட்கள் இருந்துவிட்டு உதிர்ந்துவிடும். உடலில் புள்ளி மறைவதைப் பார்த்து, 'குணமாகிவிட்டது' என்று நினைத்துவிடுவோம். ஆனால், உதிர்ந்த ஒட்டுண்ணி தொட்டியின் அடியில் ஒட்டி, கூடு கட்டிப் பெருகும். ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் வெளிவந்து மீண்டும் மீனைத் தாக்கும். சில கூடுகள் இரண்டு மாதங்களுக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதனால், புதிய மீனைக் குறைந்தது 30 நாட்கள் தனியே வைக்க வேண்டும்.

இரண்டு டப்பா போதும்

இதற்கு விலை உயர்ந்த கண்ணாடித் தொட்டி தேவையில்லை. மூடியுள்ள இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள், காற்றடிக்கும் மோட்டார், மீன் ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள் போதும். அடியில் மணலோ, சிப்பியோ, கல்லோ போடக் கூடாது.

மீனை மூன்று நாட்களுக்கு ஒருமுறை, உலர்ந்த அடுத்த டப்பாவுக்கு மாற்ற வேண்டும். அதில் புதிய கடல்நீர் இருக்க வேண்டும். உப்பின் அளவும் வெப்பமும் பழைய தண்ணீரைப் போலவே இருப்பது அவசியம். காலியான டப்பாவையும் குழாய்களையும் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். உதிர்ந்த ஒட்டுண்ணி பெருகி வருவதற்குள் மீன் இடம் மாறிவிடும். இப்படி 12 நாட்களில் நான்கு முறை மாற்றினால் வெள்ளைப்புள்ளி நோயின் சுழற்சி அறுந்துவிடும். மற்ற நோய்கள் இதில் போகாது. அதனால், மீதி நாட்களிலும் தனியே வைத்து, மூச்சு வாங்குகிறதா, இரை எடுக்கிறதா, உடலில் சளி படர்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். இந்த நாட்களுக்கு, பெரிய தொட்டியில் ஏற்கெனவே ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பொருத்தினால் அம்மோனியா ஏறாது. பொருத்தியதை மறுபடி பெரிய தொட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது.

தாமிர மருந்து கொடுப்பதாக இருந்தால், தனித் தொட்டியில் மட்டுமே கொடுக்க வேண்டும். தினமும் அளவு பார்க்க வேண்டும். கூடினால் மீன் சாகும். கடல் சாமந்தி, இறால் போன்றவை சிறிதளவு தாமிரத்தையும் தாங்காது.

வலை, வாளி இரண்டையும் தனித் தொட்டிக்கென்று வேறாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பெரிய தொட்டி வேலையை முடித்துவிட்டு, கடைசியாகத் தனித் தொட்டிக்கு வாருங்கள். அதன்பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வேறு தொட்டியில் வைக்காதீர்கள்.