மொட்டை மாடியில ஒரு நைட்... அப்புறம் பாண்டி!

வீட்டுல போய், "பாண்டிச்சேரி போறேன்"னு சொல்லிப் பாருங்க. அப்பா பேப்பரை மடிச்சு வெச்சுட்டு ஒரு பார்வை பார்ப்பார். அம்மா, "எந்தப் பசங்களோட?"ன்னு கேப்பாங்க. பாண்டின்னா பாட்டில்தான்னு ஊரே முடிவு பண்ணி வெச்சிருக்கு பாஸ்! இதை மாத்த ஒரு வழி இருக்கு. அப்பா, அம்மா, தங்கச்சின்னு மொத்தக் குடும்பத்தையும் கூட்டிட்டுக் கிளம்புங்க. ஹோட்டல் ரூம்ல ஏசியைப் போட்டுட்டு டிவி பார்க்க இல்லை. திறந்தவெளியில, டென்ட்ல, ஒரே ஒரு ராத்திரி!

"எங்க வீட்டுலயா? டென்ட்டா? காமெடி பண்ணாதீங்க"ன்னு சிரிக்கிறீங்களா? கொஞ்சம் யோசிங்க. குடும்பத்தோட 'டூர்'னு நாம போனதெல்லாம் என்ன? குலதெய்வம் கோயில், மாமா வீட்டுக் கல்யாணம், சித்தி வீட்டு கிரகப்பிரவேசம். அங்கேயும் அம்மா பாதி நேரம் அடுப்படியிலதான். அவங்களுக்குன்னு ஒரு லீவு எப்போ கிடைச்சுது? இன்னும் ரெண்டு வருஷத்துல நீங்க வேலை, மேல்படிப்புன்னு வேற ஊருக்குப் பறந்துடுவீங்க. எல்லாரும் ஒரே வீட்டுல இருக்கிற கடைசி லீவு இதுவாகக்கூட இருக்கலாம்.

முதல்ல ஒத்திகை!

எடுத்தவுடனே கடற்கரைக்கு ஓடாதீங்க. ஒரு சனிக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில பாய், போர்வை, கொசுவலை, டார்ச், தண்ணி பாட்டிலோட எல்லாரும் படுங்க. யாருக்குத் தரையில படுத்தா இடுப்பு வலிக்குது, யாரு ராத்திரி ரெண்டு தடவை எழுந்து பாத்ரூம் போறாங்க, அப்பா குறட்டைக்கு எவ்வளவு தூரம் தள்ளிப் படுக்கணும்னு எல்லாமே ஒரே நைட்ல தெரிஞ்சிடும். எதுக்கெல்லாம் கீழே இறங்கி ஓடினீங்களோ, அதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதுங்க. அதுதான் உங்க பேக்கிங் லிஸ்ட்!

டென்ட்டைக் காசு கொடுத்து வாங்க வேணாம். அதைப் போட்டுக் கொடுக்கிற இடமாப் பார்த்துப் போனா போதும். பிடிச்சிருந்தா அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்.

எங்கே தங்கறது?

பாண்டின்னதும் நமக்கு ஞாபகம் வர்ற கூபேர் அவென்யூ கடற்கரை பாறாங்கல்லா கொட்டிக் கிடக்கும். அங்கே டென்ட்டுக்கு வழியே இல்லை. வேற எந்தப் பொதுக் கடற்கரையிலயும் நீங்களாப் போய் டென்ட் அடிக்காதீங்க. பாதுகாப்பும் இல்லை, ராத்திரி போலீஸ்காரங்க வந்து எழுப்பினா பதிலும் இல்லை. ஆரோவில் பக்கமும் சின்ன வீராம்பட்டினம் பக்கமும் டென்ட் போட்டுத் தர்ற தனியார் இடங்கள் இருக்கு. போன்ல நாலு கேள்வி கேளுங்க. அனுமதி இருக்கா? சுத்தமான கழிப்பறை எவ்வளவு தூரம்? ராத்திரி ஆள் காவல் இருக்கா? வாடகை டென்ட்டுக்கா, தலைக்கா? கடைசிக் கேள்வியை விட்டுட்டா பட்ஜெட் பணால்!

பாட்டியும் வர்றாங்கன்னா அவங்களைத் தரையில படுக்க வைக்க வேணாம். அரவிந்தர் ஆசிரமத்தோட விருந்தினர் இல்லங்கள் ஊருக்குள்ளேயே இருக்கு. ரூம் எளிமையா, சுத்தமா இருக்கும். சிகரெட், மது கூடாது. ராத்திரி குறிப்பிட்ட நேரத்துல கேட்டைப் பூட்டிடுவாங்க. அப்பாகிட்ட பர்மிஷன் வாங்க இதைவிட நல்ல பாயின்ட் உண்டா? முன்கூட்டியே புக் பண்ணிடுங்க.

எப்போ போகலாம்?

ஜனவரி, பிப்ரவரி பெஸ்ட். மே மாசம் டென்ட் இட்லிப் பானை ஆயிடும். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30-ல தானே புயல், 2024 நவம்பர் 30-ல ஃபெஞ்சல் புயல், ரெண்டுமே இந்தக் கரையைத்தான் பதம் பார்த்தன. அதனால வானிலை அறிக்கை பார்க்காம கிளம்பாதீங்க. புது வருஷத்துக்கும் சனி, ஞாயிறுக்கும் ஊரே நிரம்பி வழியும், வாடகையும் எகிறும். வார நாள்ல போனா பர்ஸ் தப்பிக்கும்.

சென்னைலேர்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில சுமார் 150 கிலோமீட்டர். எழும்பூர்லேர்ந்து நேரா ரயிலும் இருக்கு. தெற்கேயிருந்து வர்றவங்க விழுப்புரத்துல இறங்கி மாறிக்கலாம்.

காசில்லாம சுத்தலாம்!

பாண்டியோட பெரிய ப்ளஸ், நல்ல விஷயங்களுக்கு டிக்கெட் இல்லை. சாயங்காலத்துலேர்ந்து காலை வரைக்கும் கடற்கரைச் சாலையில வண்டி விட மாட்டாங்க. தங்கச்சி ஓடட்டும், அப்பாவும் அம்மாவும் பேசிட்டே நடக்கட்டும். காந்தி சிலை, 1836-ல கட்டின பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போர்ல செத்துப்போன வீரர்களுக்கான நினைவுச் சின்னம் எல்லாம் அந்த ஒரே நடையில முடிஞ்சிடும். பக்கத்துல பாரதி பூங்கா, நடுவுல ஆயி மண்டபம். 1908-லேர்ந்து பத்து வருஷம் பாரதியார் இந்த ஊர்லதான் இருந்தார். ஈஸ்வரன் கோயில் தெருவுல அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமா இருக்கு.

அப்பா சரித்திரப் பிரியர்னா அரியாங்குப்பம் பக்கத்துல இருக்கிற அரிக்கமேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. 1945-ல மார்டிமர் வீலர் தோண்டி, ரோமானியர்களோட நடந்த வியாபாரத்துக்குச் சாட்சி எடுத்த இடம். இப்போ பார்க்கப் பெருசா ஒண்ணும் இருக்காது. ஆனா, அந்தக் கதையைச் சொல்ல அப்பாவுக்கு ஒரு சான்ஸ் கிடைக்கும்!

ராத்திரி ரூல்ஸ்

ஒண்ணு, கடல்ல கால் நனைக்கிறதோட நிறுத்திக்கங்க. இருட்டினப்புறம் அதுவும் வேணாம். இந்தக் கரையில இழுப்பு ஜாஸ்தி, நீச்சல் தெரியும்கிற தெம்பெல்லாம் எடுபடாது.

ரெண்டு, மணல்ல நெருப்பு மூட்டாதீங்க, டார்ச்சை கடல் பக்கம் அடிக்காதீங்க. ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்குத்தான் வரும். வெளிச்சம் பார்த்தா பயந்து திரும்பிடும். முட்டையிலேர்ந்து வெளியே வர்ற குஞ்சுங்க கடலை விட்டுட்டு வெளிச்சத்தை நோக்கி நடந்து செத்துப் போகும்.

மூணு, இதுதான் ரொம்ப முக்கியம். அம்மா கையில கரண்டியைக் கொடுக்கக் கூடாது! நைட்டுக்குப் பார்சல் இட்லி போதும். காலையில டீ வாங்கிட்டு வர்றது நீங்க, பாத்திரம் கழுவறது அப்பா. "நானே பண்ணிடறேனே"ன்னு அம்மா எழுந்திருப்பாங்க. உட்கார வைங்க. முதல் அரை மணி நேரம் அவங்களுக்குக் கை பரபரன்னு இருக்கும். அப்புறம் கடலைப் பார்த்துக்கிட்டே, தான் காலேஜ் போன கதையையோ போக முடியாமப் போன கதையையோ ஆரம்பிப்பாங்க. உங்களுக்கு இவ்வளவு வயசாகியும் கேக்காத கதையா இருக்கும் அது. குறுக்கே பேசாதீங்க. செல்லை எடுக்காதீங்க.

இந்த ஒரு நைட் நல்லாப் போச்சுன்னா அடுத்த கட்டத்துக்கும் ஆள் இருக்கு. 1949-லேர்ந்து இயங்குற இந்திய யூத் ஹாஸ்டல் சங்கம் மணாலி, கோவான்னு குடும்பங்களுக்காகவே முகாம் நடத்துது. ஆனா, மணாலிக்கு அவசரமில்லை. இந்த சனிக்கிழமை பாயைச் சுருட்டிக்கிட்டு மாடிப் படி ஏறுங்க. கொசுவலையை மறந்துடாதீங்க!