அப்பா வாங்கிய முதலாளி கார்!

காலையில் வாசல் தெளிக்கப் போன அம்மா, வாளியோடு திரும்பி வந்தார். "உங்கப்பா காரு ஒரு பக்கமா சாஞ்சு கெடக்குது, வந்து பாரு!"

ஓடினேன். டயரில் காற்று இருந்தது. ஆனால், முன்பக்கம் இடது சக்கரத்தின் மேல் பாடி அப்படியே இறங்கி உட்கார்ந்திருந்தது.

அப்பா டிரைவர். கோவையில் ஒரு மில் முதலாளியிடம் 11 வருஷம் அவர் ஓட்டியது இந்த ஜெர்மன் காரைத்தான். 2019-ல் முதலாளி புது கார் எடுத்தபோது, "நீயே வெச்சுக்கப்பா" என்று 4 லட்சத்துக்குக் கொடுத்தார். மாடியில் ஒரு ரூம் கட்ட வைத்திருந்த பணம் அது. அன்றிலிருந்து அம்மா அந்த காரில் ஏறவே இல்லை.

மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்ததுமே சொல்லிவிட்டார், "ஏர் பலூன் லீக்."

சாதாரண கார்களில் இரும்பு ஸ்பிரிங் இருக்கும். இதுமாதிரி பெரிய சொகுசு கார்கள் பலவற்றில், ரப்பர் பலூனில் அடைத்த காற்றுதான் வண்டியைத் தாங்கும். குண்டு குழி தெரியாமல் மிதப்பது அதனால்தான். பலூனில் லீக் வந்தால், ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் படுத்துவிடும். குறைந்த காற்றை நிரப்ப கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்து, கடைசியில் அதுவும் போய்விடும்.

எங்களுக்கு அதுவும் போயிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து 1,10,000 ரூபாய்!

அப்பா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு மாசமாவே லேசா இறங்குச்சு கண்ணு. செலவாகுமேன்னு தள்ளிப்போட்டேன்." உடனே பார்த்திருந்தால் பலூனோடு போயிருக்கும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. 11 வருஷம் வண்டி ஓட்டியவர், ஒரு சர்வீஸ் பில்லைக்கூட பார்த்ததில்லை. அதெல்லாம் நேராக மில் ஆபீஸுக்குப் போய்விடும். பழைய காருக்கு விலைதான் குறையும். ஸ்பேர் பார்ட்ஸுக்குக் குறையாது.

நீங்களும் இப்படி ஒரு கார் பார்க்கிறீர்களா? ஒரு ராத்திரி நிறுத்திவிட்டு, காலையில் நாலு பக்க உயரத்தையும் பாருங்கள். ஸ்கேனர் போட்டு எரர் பாருங்கள். பழைய சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள்.

புரோக்கர் ஒன்றரை லட்சத்துக்குக் கேட்டார். அப்பா எதுவும் பேசவில்லை. அம்மாதான் உள்ளே போய், சீட்டுப் பணத்தில் 50,000 எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். "மீதிய நீ போடு. இன்னொரு தடவ இப்படிச் செலவு வெச்சா, வித்துடணும்." அப்பா தலையாட்டினார்.

வண்டி ரெடியான அன்று நான்தான் ஓட்டினேன். அப்பாவும் அம்மாவும் பின் ஸீட்டில். அந்த ஸீட்டில் அப்பா உட்காருவதும் அன்றுதான் முதல்முறை.

"இதுல இவ்ளோ காலு நீட்டலாமா?" என்றார் அம்மா.

அவிநாசி ரோடு சிக்னலில் சட்டென்று நிறுத்தினேன். பின்னாலிருந்து அப்பா குரல்:

"பிரேக்கை மெதுவா மிதி கண்ணு... முதலாளியம்மா உக்காந்திருக்காங்க!"