கேட்கக் கூசிய கேள்வி

யாராவது கொஞ்சம் ஏறுமாறாகப் பேசினால், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்று கேலி செய்வோமே, நானும் அப்படிச் செய்தவன்தான். 1911-ல் திறக்கப்பட்ட அந்த ஆஸ்பத்திரிக்கு இன்று பஹாகியா, அதாவது மகிழ்ச்சி, என்று பெயர். கேலி மட்டும் நின்றபாடில்லை.

1996-ல் பயிற்சி டாக்டராக வேறோர் ஊரில் மனநோய் வார்டில் என்னைப் போட்டார்கள். ஸ்டெதாஸ்கோப்புக்கு அங்கே வேலை குறைவு. பெரிய டாக்டர் நோயாளியிடம் பேசும்போது பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். பிறகு நாங்கள் பேச, அவர் கவனிப்பார். நோயாளி சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். வெறுமனே "சோகம்" என்று எழுதினால் பேனாவால் அடித்துவிடுவார்.

ஒரு நாள் பால்மரம் வெட்டும் அம்மாள் ஒருவர் வந்தார். "நெஞ்சு அடைக்குது தம்பி, தூக்கமே இல்ல" என்றார். ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. எல்லாம் சரியாக இருந்தன. பெரிய டாக்டர் மலாய்க்காரப் பெண்மணி, நான்தான் மொழிபெயர்ப்பாளன். "சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா, கேளுங்கள்" என்றார்.

தாய் வயதுடையவரிடம் இதை எப்படிக் கேட்பது, நீங்களே சொல்லுங்கள். "வேற ஏதும் மனக்கவலை இருக்காம்மா?" என்றேன். தலையை ஆட்டினார். இல்லையாம் என்றேன்.

பெரிய டாக்டர் என்னையே பார்த்தார். "சாவதற்குத் தமிழில் என்ன சொல்?"

"சாவு."

"அது என் காதில் விழவே இல்லையே!"

அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மாள் நிமிர்ந்தார். இம்முறை நேராகவே கேட்டேன். அழுதுவிட்டார். "அடுப்படிக்குப் பின்னால களைக்கொல்லி போத்தல் வச்சிருக்கேன் தம்பி. ரெண்டு தடவ மூடியத் திறந்துட்டேன்."

கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பயந்திருந்தேன். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. சொல்ல வழி கிடைக்கிறது. அவருக்குப் போலீஸ் பயமும் இருந்தது. அன்று தற்கொலை முயற்சி குற்றம். நம் நாட்டில் அந்தச் சட்டப்பிரிவு 2023-ல்தான் நீங்கியது. பாராகுவாட் களைக்கொல்லிக்கும் 2020-ல்தான் தடை வந்தது.

மாலையில் வந்த கணவரிடம், முதல் வேலையாகப் போத்தலைத் தோட்டத்து ஸ்டோரில் ஒப்படைக்கச் சொன்னோம். அம்மாள் மூன்று வாரம் வார்டில் இருந்தார். வீட்டுக்குப் போகும் நாளில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அன்னைக்கு மொதல்ல என்னமோ கேட்டீங்களே தம்பி, சாப்பிட்டாச்சான்னு கேக்குற மாதிரி!"