அப்புறம் என்ன ஆயிற்று?

"கதை முடிந்தது, கத்தரிக்காய் காய்த்தது" என்று சொல்லிப் பாட்டிமார் கதையை முடிப்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தை அவ்வளவில் விடுமா? "அப்புறம்?" என்று கேட்கும். ராஜகுமாரி அரண்மனைக்குத் திரும்பினாள், சரி. அப்புறம் என்ன செய்தாள்? இந்தக் கேள்விக்கு விடையாகப் பிறப்பதே கதையின் இரண்டாம் பாகம். அப்படி ஓர் இரண்டாம் பாகத்தை இவ்வாண்டு நாங்கள் படித்து இன்புற்றோம். அவ்வின்பத்தைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அமரர் சுஜாதா 1980-களில் எழுதிய நாவல் 'என் இனிய இயந்திரா'. அதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. ஆசிரியரின் இயற்பெயர் ரங்கராஜன். பெங்களூரில் பொறியாளராகப் பணிபுரிந்துகொண்டே கதைகள் எழுதிய அவர் 2008-ஆம் ஆண்டு காலமானார். நம் ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 ஜனவரியில் பெரிய தொலைநோக்கி திறக்கப்பட்டதும் அதே பத்தாண்டில்தான். மலை உச்சியில் அறிஞர்கள் விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் வருங்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

கதை நடப்பது 2021-இல். அவருக்கு எதிர்காலம், நமக்கோ வந்து போன ஆண்டு. அக்கற்பனை நாட்டில் ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சி. இரண்டு எழுத்துக்கு மேல் எவருக்கும் பெயர் கிடையாது. நிலா, சிபி, ரவி, மனோ என்றே பெயர்கள். அந்தச் சட்டப்படி எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்தோம். மூன்றே பெயர்கள் தேறின! காணாமற்போன கணவன் சிபியைத் தேடும் நிலாவுக்குத் துணையாக வருவது ஜீனோ என்னும் இயந்திர நாய். அது பேசும், கேலி செய்யும், புத்தகமும் படிக்கும். படிக்கப் படிக்கத் தானாகச் சிந்திக்கவும் தொடங்கிவிடும்.

இரண்டாம் பாகத்தில் நிலா நாட்டுக்கே அரசி. ஆனால் அரியணையில் அமர்ந்திருப்பவள் அவள். ஆட்டி வைப்பவர்கள் வேறு. முதல் பாகத்தைப் படித்தபோது அந்த விந்தை உலகின் சட்டதிட்டங்களைப் புரிந்துகொள்வதிலேயே எங்கள் கவனம் பாதி போய்விட்டது. இரண்டாம் பாகத்தில் பழகிய வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்தோம். அதனால் மனிதர்களைக் கவனிக்க முடிந்தது. இடம் கிடைப்பது ஒன்று, அந்த இடத்தில் சொந்த வாயால் பேசக் கிடைப்பது வேறொன்று என்பதை நிலாவிடமிருந்து அறிந்தோம். முடிவை மட்டும் சொல்லமாட்டோம்!

பிடித்த பாத்திரத்தை விட்டுப் பிரிய மனமில்லாதது வாசகர்களின் பழைய குணம். ஆங்கில எழுத்தாளர் கானன் டாயில் 1893-இல் ஷெர்லாக் ஹோம்ஸ் இறந்ததாக ஒரு கதை எழுதினார். வாசகர்கள் விடவில்லை. 1903-இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்தார்.

எங்களுக்கும் ஒரு காத்திருப்பு நேர்ந்தது. பத்தாம் வகுப்பில் நாங்கள் நால்வரும் விடுதி முற்றத்தில் அமர்ந்து முதல் பாகத்தை முறைவைத்து உரக்கப் படித்தோம். மலையிலிருந்து வந்த எங்கள் தோழி ஜீனோவின் குரலில் பேசினால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். தேர்வு முடிந்து அவள் ஊருக்குப் போனாள். தேர்ச்சியும் பெற்றாள். ஜூனில் பள்ளி திறந்தது, அவள் வரவில்லை. "பத்தாவது போதும்" என்று வீட்டில் பேச்சு நடப்பதாகச் செய்தி வந்தது. நூலகச் சகோதரி 'மீண்டும் ஜீனோ'வைக் கையில் கொடுத்தும், அவள் இல்லாமல் முதல் பக்கத்தையும் புரட்டுவதில்லை என்று தீர்மானித்தோம். மூன்று வாரம் புத்தகம் பெட்டியிலேயே கிடந்தது.

நான்காம் வாரத் திங்களன்று ஜமுனாமரத்தூர்ப் பேருந்திலிருந்து தாயும் மகளும் இறங்கினார்கள். கையில் துணிப்பையும் ஒரு படி சாமை அரிசியும். "நான் பள்ளிக்கூடப் படி ஏறினதில்லை. இவள் ஏறின பிறகு எதற்கு இறங்கணும்?" என்று அந்த அம்மா சகோதரியிடம் சொன்னதை நாங்கள் கேட்டோம். அன்று மாலையே புத்தகத்தைப் பிரித்தோம். ஜீனோவின் குரல் மறுபடியும் முற்றத்தில் ஒலித்தது.

அன்புத் தங்கைகளே, இரண்டு நூல்களும் நம் நூலகத்தில் உள்ளன. ஒருத்தியாகப் படிக்காதீர்கள்; கூடிப் படியுங்கள். பெற்றோர்களுக்கும் பணிவான விண்ணப்பம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எங்கள் முதல் பாகம்தான். அடுத்ததையும் எழுத எங்களுக்கு இடம் தாருங்கள்.

— மேல்நிலை முதலாண்டு மாணவியர்