பார்சல் வாங்க பக்கத்து நாட்டுக்கு... கனடியர்கள் தேடிப்போகும் பாயின்ட் ராபர்ட்ஸ்!

கனடாவின் வான்கூவர் நகரிலிருந்து தெற்கே காரில் கிளம்பினால், நெரிசல் இல்லாத நாளில் முக்கால் மணி நேரத்துக்குள் சவாசன் என்ற ஊர் வந்துவிடும். அங்கே 56-வது தெருவில் திரும்பி நேராகப் போனால் வீடுகள், கடைவீதி, மரங்கள்... திடீரென்று சாலையின் குறுக்கே ஒரு சோதனைச் சாவடி. பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் போனால் அதே சாலைக்குப் பெயர் 'டையி டிரைவ்'. பெயர் மட்டுமல்ல, நாடும் மாறிவிட்டது. இனி அமெரிக்கா!

சாவடியைத் தாண்டும் எல்லா கார்களும் கடற்கரையைப் பார்க்கப் போவதில்லை. பல கார்கள் நேராகப் போய் நிற்பது பார்சல் கடை வாசலில். உள்ளே தரையிலிருந்து கூரை வரை அட்டைப் பெட்டிகள். கார் டயர், குழந்தைகள் சைக்கிள், தையல் மெஷின், சமையல் பாத்திரம் என எதுவும் அந்தப் பெட்டிகளில் இருக்கலாம். வாடிக்கையாளர் அடையாள அட்டையைக் காட்டுகிறார். கடைக்காரர் பெட்டியைத் தேடி எடுத்துத் தருகிறார். சில டாலர் கட்டணம். அவ்வளவுதான் வியாபாரம்.

வீட்டு வாசலுக்கே பொருள் வந்து சேரும் இந்தக் காலத்தில், ஒரு பெட்டியை வாங்க இன்னொரு நாட்டுக்கு ஏன் கார் ஓட்ட வேண்டும்? அதற்கு முதலில் இந்த ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோடு கிழித்ததில் பிறந்த ஊர்

1846-ம் ஆண்டு பிரிட்டனும் அமெரிக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டன. மேற்குப் பகுதியில் 49-வது அட்சரேகைதான் எல்லை என்று முடிவானது. ரேகைக்கு வடக்கே பிரிட்டனுக்கு, தெற்கே அமெரிக்காவுக்கு. ஆனால், சவாசன் நிலமுனை கடலுக்குள் நீண்டு அந்த ரேகையைத் தாண்டித் தெற்கே போய்விட்டது. அப்படி நீட்டிக்கொண்டிருந்த நுனி மட்டும் அமெரிக்காவின் பங்கில் சேர்ந்தது. அதுதான் பாயின்ட் ராபர்ட்ஸ்.

மூன்று பக்கம் கடல். நான்காவது பக்கம் கனடா. பரப்பளவு சுமார் 12.6 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1,191. நம்மூரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில்கூட இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்!

இங்கே இருப்பவர்கள் தரைவழியாக மற்ற அமெரிக்க ஊர்களுக்குப் போக வேண்டுமானால், முதலில் கனடாவுக்குள் நுழைந்து, சுமார் 40 கிலோமீட்டர் சுற்றி, மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டும். உள்ளூரில் சின்னக் குழந்தைகளுக்கு மட்டுமே பள்ளி. பெரிய வகுப்புப் பிள்ளைகள் பிளெய்ன் என்ற அமெரிக்க ஊருக்குப் பேருந்தில் போகிறார்கள். போக இரண்டு முறை, வர இரண்டு முறை. பள்ளிக்குப் போய்வர ஒரு நாளைக்கு நான்கு எல்லைச் சோதனை!

குடிநீர் கனடாவிலிருந்து வருகிறது. பெட்ரோல் பங்க்கில் அமெரிக்க வழக்கப்படி கேலன் கணக்கு இல்லை. கனடியர்களுக்குப் பழகிய லிட்டர் கணக்கு. ஊர் யாரை நம்பிப் பிழைக்கிறது என்பதை அந்தப் பலகையே சொல்லிவிடும்.

வாசலில் வரும் இரண்டாவது பில்

கனடாவின் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வாழ்கிறார்கள். அமெரிக்கக் கடைகளின் விலை அவர்களுக்கு விரல் நுனியில். ஆனால், ஆன்லைனில் பணம் கட்டியதோடு கதை முடிவதில்லை. பொருள் வீட்டுக்கு வரும்போது கூரியர் ஊழியர் கையில் இன்னொரு பில் இருக்கும்.

அதில் மூன்று விஷயங்கள் இருக்கலாம். ஒன்று, சுங்க வரி. இரண்டு, கனடாவின் விற்பனை வரி. மூன்றாவதுதான் பலரையும் திடுக்கிட வைப்பது: புரோக்கரேஜ் கட்டணம். துறைமுகங்களில் கிளியரிங் ஏஜென்ட் என்று கேள்விப்பட்டிருப்போமே, அதே வேலைதான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு மதிப்பு, எங்கே தயாரானது என்று சுங்கத்துறைக்குக் கணக்குக் காட்டி, வரியைக் கட்டி, பெட்டியை வெளியே எடுப்பது. அதற்கான கூலியைக் கூரியர் நிறுவனம் வாடிக்கையாளரிடம் வாங்கிக்கொள்கிறது. வரியை முன்கூட்டிக் கட்டியதற்காகத் தனியாக ஒரு கட்டணம் சேர்வதும் உண்டு.

வரி அரசாங்கத்துக்குப் போகிறது. இந்தக் கட்டணம் கூரியருக்குப் போகிறது. இரண்டும் ஒரே பில்லில் வருவதால் எல்லாமே வரி என்று நினைத்துப் பலர் கட்டிவிடுகிறார்கள்.

ஒரே ஜாக்கெட், மூன்று வழி

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க இணையக் கடையில் 100 கனடிய டாலருக்குப் பெரியவர்கள் அணியும் ஜாக்கெட் ஒன்று. தயாரானது சீனாவில். சுங்க வரி 18 சதவீதம். வாங்குபவர் இருப்பது வான்கூவரில். அங்கே மத்திய, மாகாண விற்பனை வரிகள் சேர்ந்து 12 சதவீதம்.

முதல் வழி, தபால். தபாலில் வரும் பொருளுக்கு 20 டாலர் வரைதான் வரி விலக்கு. ஆகவே ஜாக்கெட்டுக்குச் சுங்க வரி 18 டாலர். அதையும் சேர்த்து 118 டாலருக்கு விற்பனை வரி 14.16 டாலர். கனடா போஸ்ட்டின் கையாளும் கட்டணம் 9.95 டாலர். மொத்தம் கூடுதல் செலவு 42.11 டாலர்.

இரண்டாவது வழி, கூரியர். 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த கனடா - அமெரிக்கா - மெக்சிகோ ஒப்பந்தப்படி, அமெரிக்காவிலிருந்து கூரியரில் வரும் பொருளுக்கு 40 டாலர் வரை விற்பனை வரி கிடையாது. 150 டாலர் வரை சுங்க வரி கிடையாது. ஆகவே இந்த ஜாக்கெட்டுக்கு விற்பனை வரி 12 டாலர் மட்டும். 'அட, லாபமாச்சே' என்று தோன்றும். ஆனால், தரைவழிக் கூரியர் சேவையாக இருந்தால் புரோக்கரேஜ் கட்டணம் தனியாக வரலாம். அது 20, 30 டாலர்கூட ஆகலாம். வரி 12, கூலி அதைவிட இரண்டு மடங்கு! விரைவு விமான சேவையில் பெரும்பாலும் இந்தக் கட்டணம் அனுப்பும் செலவிலேயே அடங்கிவிடுகிறது. ஆனால், அந்த அனுப்பும் செலவே அதிகம்.

மூன்றாவது வழி, பாயின்ட் ராபர்ட்ஸ். பார்சல் கடையின் அமெரிக்க முகவரிக்கு வரவழைத்து நேரில் எடுத்து வருவது. கிளியரிங் வேலையை நாமே செய்வதால் புரோக்கரேஜ் கிடையாது. ஆனால், சுங்க வரியும் விற்பனை வரியும் சட்டப்படி உண்டு: 32.16 டாலர். பொருள் அமெரிக்க முகவரிக்குப் போவதால் வாஷிங்டன் மாநில விற்பனை வரியும் சேரும். அது மாநிலத்துக்கு 6.5 சதவீதம், மேலே உள்ளூர் வரி. பார்சல் கடைக் கட்டணம், பெட்ரோல் செலவு வேறு.

கூட்டிப் பார்த்தால் ஒற்றை ஜாக்கெட்டுக்காக எல்லை தாண்டுவதில் லாபமே இல்லை! பிறகு ஏன் போகிறார்கள்?

ஊர் விற்பது ஒரு முகவரியை

அமெரிக்கக் கடைகள் பல, தங்கள் நாட்டுக்குள் இலவசமாக அனுப்பும். அதே பெட்டியைக் கனடாவுக்கு அனுப்பப் பெரிய தொகை கேட்கும். சில கடைகள் கனடாவுக்கு அனுப்பவே அனுப்பாது. டயர், மரச்சாமான், இயந்திர பாகம் போன்ற கனமான பொருள்களுக்கு அனுப்பும் செலவே பொருளின் விலையை நெருங்கிவிடும். பிடிக்காத பொருளைத் திருப்பி அனுப்புவதும் அமெரிக்க முகவரியிலிருந்து சுலபம்.

நாலைந்து பார்சலைச் சேர்த்து ஒரே நடையில் எடுப்பவருக்கும், கனமான பொருள் வாங்குபவருக்கும் கணக்கு நேராகிறது. பாயின்ட் ராபர்ட்ஸ் விற்பது மலிவான பொருளை அல்ல. ஓர் அமெரிக்க முகவரியை. பிளெய்ன், நியூயார்க் மாநிலத்தின் ஆக்டென்ஸ்பர்க், நயாகரா ஃபால்ஸ் என எல்லையோர அமெரிக்க ஊர்கள் பலவற்றிலும் இதே தொழில் நடக்கிறது.

திரும்பும்போது சொல்ல வேண்டிய உண்மை

பெட்டிகளை டிக்கியில் ஏற்றிக்கொண்டு திரும்பினால், இப்போது கனடா பக்கத்துச் சாவடி. அதிகாரி கேட்பது சில கேள்விகள்தான். எவ்வளவு நேரம் வெளியே இருந்தீர்கள்? என்ன வாங்கினீர்கள்? மதிப்பு எவ்வளவு?

இங்கே ஒரு தவறான நம்பிக்கை பலருக்கு உண்டு. வெளிநாடு போய்வந்தால் 200 டாலர், 800 டாலர் வரை விலக்கு என்று கேள்விப்பட்டிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால், 200 டாலர் விலக்குக்குக் குறைந்தது 24 மணி நேரம் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். 800 டாலருக்கு 48 மணி நேரம். காலையில் போய் மதியம் திரும்புபவருக்கு விலக்கே கிடையாது. மதிப்பைக் குறைத்துச் சொல்லி மாட்டிக்கொண்டால் பொருள் பறிமுதலாகலாம், அபராதமும் வரலாம். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளதைச் சொல்வதே நல்லது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எங்கே வாங்கினோம் என்பதைவிட, எங்கே தயாரானது என்பதுதான் சுங்க வரிக்கு முக்கியம். ஒப்பந்த விதிகளின்படி அமெரிக்காவிலேயே தயாரான பொருளுக்குப் பொதுவாகச் சுங்க வரி இல்லை. அமெரிக்கக் கடையில் வாங்கிய சீனத் தயாரிப்புக்கு உண்டு. புத்தகத்துக்குச் சுங்க வரி கிடையாது. 2025-ல் இரு நாடுகளும் மாறி மாறி வரி விதித்த காலத்தில் இந்த விதிகளும் மாறின. எனவே, கிளம்பும் முன் கனடா எல்லைச் சேவை முகமையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எல்லைக்குப் போகாமலே தப்பிக்க வழி உண்டா? உண்டு. சொந்த உபயோகத்துக்கான பொருளைத் தாமே கிளியர் செய்துகொள்ளும் உரிமை கனடியர்களுக்கு இருக்கிறது. பொருள் வரும் முன்பே கூரியர் நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். அவர்கள் தரும் விவரங்களோடு அருகிலுள்ள சுங்க அலுவலகத்துக்கு நேரில் போய் வரியைக் கட்டி, அந்த ரசீதைக் கூரியரிடம் காட்டினால் பொருள் கைக்கு வரும். அரை நாள் அலைச்சல். 20, 30 டாலருக்காக அலைவதா என்று நினைப்பவர்களால்தான் அந்தக் கட்டணம் இன்னும் வசூலாகிறது!

கனடாவில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கும் ஒரு தகவல். இங்கிருந்து தனிப்பட்ட முறையில் அன்பளிப்பாக அனுப்பும் பொருளுக்கு 60 கனடிய டாலர் மதிப்பு வரை அங்கே வரி கிடையாது. அன்பளிப்பு என்பதைப் பெட்டியின் மேல் எழுதி, சரியான மதிப்பையும் குறிப்பிட வேண்டும். மது, புகையிலைக்கு இது பொருந்தாது.

சாவடி மூடியபோது...

கட்டணங்களை வெறுப்பவர்களால் வாழும் ஊர், அவர்கள் வராமல் போனால் என்ன ஆகும்? 2020 மார்ச் 21 அன்று கொரோனாவால் எல்லை மூடப்பட்டது. கனடியர்கள் வரமுடியவில்லை. பல வீடுகளின் சொந்தக்காரர்களே கனடியர்கள்தான். வீடுகள் பூட்டியே கிடந்தன. பார்சல் கடைகளில் பெட்டிகள் தேங்கின, பெட்ரோல் பங்க்குகள் வெறிச்சோடின. ஊர்மக்கள் பிற அமெரிக்க ஊர்களுக்குப் போக, பெல்லிங்ஹாம் நகருக்கு அவசரப் படகு விட வேண்டியிருந்தது. கனடியர்கள் தரைவழியாக அமெரிக்காவுக்குள் மறுபடி நுழைய 2021 நவம்பர் 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருபது மாதங்கள்!

மூச்சு விடுவதற்குள் 2025-ல் அடுத்த அடி. வரிச்சண்டையில் கோபமடைந்த கனடியர்கள் அமெரிக்கப் பயணத்தையே குறைத்துக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் பாயின்ட் ராபர்ட்ஸ் மக்களுக்குப் பங்கில்லை. ஆனாலும் நஷ்டம் அவர்களுக்கு வந்தது.

ஊரின் மேற்குக் கோடியில், கடலைப் பார்த்தபடி ஒரு கல்தூண் நிற்கிறது. 49-வது ரேகையின் மேற்கு முனையைக் குறிக்க 1861-ல் நட்ட எல்லைக்கல் அது. அதன் ஒரு பக்கம் கனடா, மறு பக்கம் அமெரிக்கா. காற்றும் கடல் பறவைகளும் இரண்டு பக்கமும் கேள்வியில்லாமல் போய்வருகின்றன. சற்றுத் தள்ளி, சாவடியில் ஒரு கார் நிற்கிறது. டிக்கியில் நான்கு பெட்டிகள். கண்ணாடியை இறக்கிய ஓட்டுநர், ரசீதுகளை எடுத்து நீட்டுகிறார்.