எரியாத சரம்

தீபாவளிக்கு முதல் நாள் மொட்டை மாடியிலிருந்து தொங்கவிடும் சீரியல் விளக்கு, கார்த்திகை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பொங்கல் முடிந்த பிறகுதான் பல அடுக்ககங்களில் கீழே வருகிறது. சில இடங்களில் அதுவும் இல்லை, அடுத்த தீபாவளி வரை அங்கேயே தொங்கும். வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இதே காலத்தில்தான் கொட்டுகிறது. வெளியே மின்சாரத்தைத் தொங்கவிட இதைவிடத் தோதில்லாத மாதங்கள் நம் ஊரில் கிடையாது. அதற்காக விளக்கே வேண்டாம் என்று சொல்லும் கிழவன் இல்லை நான். வயரிங் வேலை பார்த்தே பிள்ளைகளைக் கரையேற்றியவன், கல்யாணப் பந்தலும் கோயில் கொடையும் எனக்குச் சோறு போட்டவை.

சொல்ல வருவது ஒன்றுதான். எரிகிற விளக்குச் சரத்தைத் தொடாதே என்று குழந்தையை அதட்டுகிறோம். எரியாத சரத்தை நாமே கையில் எடுத்துக்கொள்கிறோம். என் அனுபவத்தில் ஆளை அடித்தது பெரும்பாலும் எரியாத சரம்தான்.

பழைய குண்டு பல்பு சரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வோல்ட் பல்புகள் நாற்பதை வரிசையாகக் கோத்து 230 வோல்ட்டில் மாட்டுவது அது. ஒன்று போனால் மொத்தமும் அணையும். உடனே எது லூஸ் என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்போம். அந்த நேரத்தில் பேஸ், அதாவது மின்சாரம் வரும் வயர், இருக்கும் பக்கத்திலிருந்து அறுந்த இடம் வரை சரம் முழு 230 வோல்ட்டோடு நின்றுகொண்டிருக்கிறது. எரியும்போது வோல்டேஜ் நாற்பது பல்புக்கும் பங்கு பிரிந்திருந்தது. அறுந்த பிறகு அந்த ஒரு இடைவெளியில் அத்தனையும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. சரியாக அங்கேதான் விரலை வைக்கிறோம்.

இப்போது எல்லாம் எல்இடிதானே என்பார்கள். மலிவான எல்இடி சரத்தில் டிரான்ஸ்பார்மர் எதுவும் கிடையாது. எட்டு விதமாக மினுக்க ஒரு குட்டிப் பெட்டி, அதன் பின்னால் தலைமுடி போல மெல்லிய வயர், அவ்வளவுதான். விளக்கு கடுகளவு, ஆனால் அதன் காலில் நிற்பது வீட்டு மின்சாரம்.

"சுவிட்சை அணைச்சுட்டேனே" என்பது அடுத்த நம்பிக்கை. சரத்தை நேரே சுவரில் மாட்டுவதில்லை, இரண்டு பின் பிளக் வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுகிறோம். அந்தப் பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் போகும். தலைகீழாகச் செருகியிருந்தால் பெட்டியின் சுவிட்ச் பேஸை விட்டுவிட்டு, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலை வெட்டும். விளக்கு அணைந்துவிடும், சரம் முழுக்கப் பேஸ் இருக்கும். டெஸ்டர் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் இது தெரியும். ஆகவே கழற்றுவதற்கு முன் சுவிட்ச் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். கரண்ட் போயிருக்கிறதே, இப்போதே கழற்றிவிடலாம் என்று ஏணி போடுவது இன்னும் மோசம். பொது விளக்கெல்லாம் ஜெனரேட்டரிலோ இன்வெர்ட்டரிலோ ஓடும் கட்டடம் என்றால், ஏணியில் நிற்கும்போதே அது உயிர் பெற்றுவிடும்.

நான் குடியிருக்கும் மடிப்பாக்கத்து அடுக்ககத்தில் சங்கச் செயலாளர் ஒருநாள் கேட்டார். "சார், புது எம்சிபி போட்டிருக்கோம். ஏதாவது ஆச்சுன்னா விழுந்துடாதா?"

ஆளை ஷாக் அடித்தால் விழாது. கரண்ட் அளவுக்கு மீறினால் மட்டும் விழும் எம்சிபி காப்பாற்றுவது வயரை, மனிதனை அல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 வாட் எல்இடி பல்பு இழுப்பது ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர். பத்து, பதினைந்து மில்லி ஆம்பியர் உடம்பில் ஏறினாலே பிடித்த கை விடாது. முப்பதைத் தாண்டிக் கொஞ்சம் நீடித்தால் இதயத்தின் தாளம் கெட்டுவிடலாம். ஆக ஒரு சாதாரண பல்பு எரியும் கரண்டிலேயே ஆள் போய்விடுவான். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, யாரோ ஒரு விளக்கைப் போட்டிருக்கிறார்கள் என்று சும்மா இருக்கும்.

மனிதனுக்குக் காவல் ஆர்சிசிபி. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் போனதையும் வந்ததையும் சரிபார்ப்பது போல, பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், எங்கோ யார் உடம்பு வழியாகவோ தரைக்குப் போகிறது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். பண்டிகை விளக்குக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால், முதல் செலவு அதுவாக இருக்கட்டும், சரம் அப்புறம். அதன் மேல் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்திப் பார்த்தவர் எங்கள் கட்டடத்தில் யாருமில்லை. மழை தொடங்கும் முன் ஒருமுறையாவது அழுத்துங்கள், விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் அதுவும் கைவிட்டுவிடும். அதன் கணக்குக்கு நீங்களும் ஒரு பல்புதான்.

சரம் கட்டும் விதத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். பிளக் இல்லாத வயரின் இரண்டு முனையையும் சாக்கெட் ஓட்டையில் விட்டு, தீக்குச்சியைச் சொருகி இறுக்குவார்கள். மாடி விளிம்பில் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுவார்கள். காற்றில் ஆட ஆடக் கம்பி வயரின் தோலைத் தின்றுவிடும். பிறகு பால்கனி இரும்பு கிரில்லே பேஸ் ஆகிவிடும். மூன்றாம் மாடிக்காரர் கட்டிய சரத்துக்கு இரண்டாம் மாடிக் குழந்தை ஷாக் வாங்கும். ஜாயின்ட்டில் சுற்றிய டேப் ஒரு வெயிலில் பிசின்விட்டு அவிழ்ந்துவிடும். கம்பிக்குப் பதில் நைலான் கயிறோ பிளாஸ்டிக் டையோ போதும். நடுவில் ஜாயின்ட் வேண்டாம். பிளக்கும் குட்டிப் பெட்டியும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வயர் ஜன்னலுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், அதன் வழியே இறங்கும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஜன்னல் கதவில் வயரை நசுக்காதீர்கள்.

வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஐபி 44 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், ஐபி 65 என்றால் குழாயில் பீய்ச்சினாலும் தாங்கும். பிஐஎஸ் முத்திரையும் பதிவெண்ணும் இருக்கிறதா என்று தேடுங்கள். பாரிமுனை நடைபாதையில் கிலோ கணக்கில் அள்ளி வருவதில் இவை எதுவும் இருக்காது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1882 டிசம்பரில் நியூயார்க்கில், எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலமாக 80 மின்பல்புகளை மாட்டிக் காட்டினார். அதுவரை மரத்தில் மெழுகுவர்த்திதான், அதனால் வீடுகள் தீப்பிடித்து எரிந்ததும் உண்டு. பத்திரமானது என்று சொல்லி வந்த சாமான்தான் இது.

வீட்டுக்கு வெளியே மேலே போகும் கம்பியையும் பாருங்கள். 11 கிலோவோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது விதி. நெருக்கமான தெருக்களில் அதுவே கேள்விக்குறி. அங்கே மூங்கில் நட்டு நட்சத்திரம் ஏற்றுகிறார்கள். 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்தார்கள். ஊர்கூடிக் கொண்டாடிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

இத்தனைக்கும் ஏணியில் ஏறுவது யார்? சரம் வாங்கியவர் இல்லை, வாட்ச்மேன். "ஐயா, செகரட்டரி சார் சொன்னாரு" என்று மழைத் தூறலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார். ஈரக்கால், இரும்பு ஏணி. அவர் வேலை கேட்டைப் பார்த்துக்கொள்வது. விளக்குக்கு வசூலிக்கும் பணத்திலேயே லைசென்ஸ் உள்ள ஒரு வயர்மேனுக்குக் கூலியைச் சேர்த்து எழுதுங்கள். கட்ட ஒருமுறை, கழற்ற ஒருமுறை. கழற்றும் தேதியையும் வசூல் நோட்டீஸிலேயே போட்டுவிட்டால் தை மாதம் யாரும் யார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

கழற்றிய சரத்தை ஈரத்தோடு சுருட்டிக் கட்டைப் பைக்குள் திணிக்காதீர்கள். துடைத்து, ஒரு நாள் நிழலில் காயவிட்டு, கையால் உருவிப் பாருங்கள். வயர் பிசுபிசுத்தாலோ, செம்பு பச்சை பூத்திருந்தாலோ அது அடுத்த வருஷத்துக்கு ஆகாது. குப்பையில் போடும் முன் பிளக்கை வெட்டிவிட்டு, சரத்தையும் நாலு துண்டாக நறுக்கிவிடுங்கள். முழுசாகப் போட்டால், நல்லாத்தானே இருக்கு என்று வாட்ச்மேனோ வீட்டு வேலைக்கு வரும் அம்மாவோ எடுத்துப்போய்த் தங்கள் தகரக் கூரையில் கட்டிவிடுவார்கள். அங்கே ஆர்சிசிபி இருக்காது.