சிவப்பு எழுத்துகளைப் படிப்பது

வலைத்தளம் செய்யக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளில் பலர் ஒரு வரி நிரல்கூட எழுதாமலே திரும்பிப் போய்விடுகிறார்கள். பினாங்கின் பாகான் டாலாமில் இதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். துறைமுகத்திலும் கடலுக்கு அந்தப் பக்கம் பாயான் லெப்பாஸ் ஆலைகளிலும் ஷிப்ட் வேலை பார்க்கிற குடும்பத்துப் பிள்ளைகள். மடிக்கணினி பெரும்பாலும் அண்ணனோ அக்காவோ பயன்படுத்தி முடித்துக் கொடுத்ததாக இருக்கும். வலைத்தளம் கட்ட உதவும் லாராவெல் என்ற மென்பொருளை நிறுவப் பார்ப்பார்கள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து வரும். "எனக்கு இதெல்லாம் வராது அண்ணே" என்று மூடி வைத்துவிடுவார்கள். அவர்களுடைய திறமைக்கும் அந்தச் சிவப்பு எழுத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்டெல் பினாங்குக்கு வந்தது 1972-இல். பினாங்குப் பாலம் திறந்தது 1985-இல். அதே 1985-இல்தான் முத்து நெடுமாறன் மலேசியாவில் முரசு மென்பொருளை உருவாக்கி, கணினியில் தமிழ் எழுத வழி செய்தார். இப்படிப்பட்ட ஊரில், சில்லு செய்கிறவர்களின் வீட்டிலேயே ஒரு பிள்ளை கணினியைக் கண்டு ஒதுங்குவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

எங்கள் பிளாட்டில் கீழ்மாடித் தம்பி ஒருவன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கோவில் திருவிழாவில் தொண்டு செய்ய வருகிறவர்கள் பெயர் பதிவதற்கு ஒரு தளம் செய்ய ஆசைப்பட்டான். லாராவெல் தனியாக வராது. அது சார்ந்திருக்கும் பல தொகுப்புகளையும் கம்போசர் என்ற கருவி இழுத்து வர வேண்டும். கட்டளையை அடித்ததும், தொகுப்புகளைப் பொருத்த முடியவில்லை என்று தொடங்கி மளமளவென்று வரிகள் கொட்டின. அவன் முதல் வரியோடு நின்றுவிட்டான். காரணம் கொஞ்சம் கீழே தெளிவாகவே இருந்தது: இதற்கு பிஎச்பி என்ற நிரல்மொழியின் 8.2 பதிப்பு வேண்டும், உன் கணினியில் இருப்பது 8.0.30. லாராவெல் 11 வெளிவந்தது 2024 மார்ச்சில். 8.2-க்குக் கீழ் எதையும் அது ஏற்காது.

புதிய பிஎச்பியை இறக்கி நிறுவினோம். திரும்ப அடித்தால் அதே பிழை, அதே 8.0.30! கைவிடுகிறவர்கள் அதிகமாக நிற்பது இந்த இடத்தில்தான். செய்யச் சொன்னதைச் செய்தாயிற்று, ஆனால் எதுவும் மாறவில்லை என்றால் யாருக்கும் மனம் விட்டுப்போகும். அவன் மூன்று நான்கு அமைப்புகளைச் சேர்த்து மாற்றக் கிளம்பினான்.

அப்போது அவனுடைய அப்பா குறுக்கிட்டார். ஹார்பரில் கிரேன் பழுது பார்க்கிறவர், இரவு வேலை முடித்துப் பசியாறிக்கொண்டிருந்தார். "ஒரு நேரத்துல ஒன்ன மட்டும் மாத்துடா. மூணையும் மாத்திட்டா எது சரி பண்ணுச்சுன்னு எப்படித் தெரியும்?" என்றார். பிஎச்பி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் பழுது பார்ப்பது பற்றி இதைவிடச் சரியாக நான் எங்கும் கேட்டதில்லை.

பிஎச்பி எங்கே இருக்கிறது என்று விண்டோஸையே கேட்டோம். இரண்டு இடங்களைக் காட்டியது. நிரல்களைத் தேடும் பாதைப் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ, விண்டோஸ் அதைத்தான் எடுக்கும். அவன் அக்கா அந்தக் கணினியைப் பயன்படுத்திய காலத்துப் பழைய பிஎச்பி மேலே உட்கார்ந்திருந்தது. வரிசையை மாற்றி, கட்டளைச் சாளரத்தை மூடிப் புதிதாகத் திறந்தோம். திறந்திருக்கும் சாளரம் பழைய பாதையையே வைத்துக்கொண்டிருக்கும், அதனால் மூடியே ஆக வேண்டும். இந்த முறை லாராவெலை நிறுவ முடிந்தது.

அடுத்து வந்தது தமிழ்ச் சிக்கல். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். பெயர்ப் பட்டியலில் கமலாவுக்கு முன்னால் கனகா வந்து நின்றாள். நம் அகரவரிசையில் 'ன' கடைசி மெய். ஆனால் 1991-இல் வந்த யூனிகோடின் தமிழ் அட்டவணை, இந்திய மொழிகளுக்குப் பொதுவான ஓர் அடுக்கை ஒட்டி அமைந்தது. அதில் 'ன', 'ந'வை அடுத்து, 'ப'வுக்கும் 'ம'வுக்கும் முன்னாலேயே வந்துவிடுகிறது. எண் வரிசைப்படி அடுக்கும் கணினி அதனால் கனகாவை முன்னால் தள்ளுகிறது. தமிழ் முறைப்படி அடுக்க பிஎச்பியில் இன்ட்ல் என்ற நீட்சி உண்டு. அதைக் கூப்பிட்டால், அப்படி ஒன்று இல்லை என்று மறுபடியும் சிவப்பு. இந்த முறை தம்பி கடைசி வரி வரைக்கும் படித்தான். நீட்சி உள்ளேயேதான் இருந்தது. பிஎச்பியின் அமைப்புக் கோப்பில் அதன் பெயருக்கு முன்னால் ஓர் அரைப்புள்ளி போட்டு அணைத்து வைத்திருந்தார்கள். இரண்டு பிஎச்பி இருக்கும் கணினியில் அமைப்புக் கோப்பும் இரண்டு இருக்கும். எதைத் திருத்துவது என்று பிஎச்பியையே கேட்டுத் தெரிந்துகொண்டு, அரைப்புள்ளியை எடுத்து, சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினான். கமலா மேலே ஏறினாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கற்றுத்தரும் இடங்களில் நிறுவும் வேலையை வீட்டில் முடித்துவரச் சொல்லிவிடுகிறார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. புதுக் கணினி வைத்திருக்கிற பிள்ளை முடித்துவிடும். பழைய கணினிக்காரப் பிள்ளை வகுப்புக்கே வராது. முதல் வாரம் முழுக்க இதற்கே ஒதுக்க வேண்டும். எங்களுக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கியிருக்கிறோம். இடப்பக்கம் பிழை வந்தபடியே ஆங்கிலத்தில், வலப்பக்கம் அதன் காரணமும் தீர்த்த முறையும் தமிழில். இப்போது அந்த நோட்டு இரண்டு பிளாட் தள்ளி ஒரு பிள்ளையிடம் இருக்கிறது.

தம்பியின் தளம் அடுத்து வாடகைச் சர்வருக்குப் போகிறது. அங்கே இருப்பது லினக்ஸ். உபுண்டு மாதிரியான லினக்ஸில் இன்ட்ல் தனித் தொகுப்பு, கேட்டு நிறுவ வேண்டும். அந்தச் சிவப்பு வரி வரும் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "வரட்டும் அண்ணே, நான் பாத்துக்குறேன்" என்றான்.